இல்லாத கட்டடத்தின் திறப்பு விழா

பூவாயி பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஆனதற்குக் காரணம் மின்விசிறி. மேட்டுக்கழனி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஓடுகிற விசிறி ஒன்றே ஒன்றுதான், அது முதல் வரிசைக்கு மேலே இருந்தது. சிறுசேரியில் ஒரு கம்பெனியின் ஐந்தாவது மாடியைத் துடைத்து மெழுகுகிற வேலை அவளுக்கு. வாரத்தில் ஒருநாள் விடுப்பு. அந்த நாளில்தான் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். வெயில் தாங்காமல் போய் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள்.

"படிக்கிற பிள்ளையோட அம்மாதான் தலைவியா இருக்கணும்னு விதி. யாருக்கு விருப்பமோ கை தூக்கலாம்" என்றார் தலைமையாசிரியை லோகநாயகி.

பூவாயி கையைத் தூக்கினாள். கேள்வி கேட்பதற்காகத்தான் தூக்கினாள். முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காரைக்கட்டியை முடிந்து கொண்டுவந்திருந்தாள். இரண்டு நாள் முன்பு நாலாம் வகுப்பின் கூரையிலிருந்து அது அவள் மகள் அனுவின் கணக்கு நோட்டின்மேல் விழுந்திருந்தது. அதை எடுத்து வெளியே காட்டுவதற்குள் மொத்தக் கூட்டமும் கைதட்டிவிட்டது. தலையிலிருந்து பாரம் இறங்கிய சந்தோஷம் மற்ற அம்மாக்களுக்கு!

"டீச்சர், நான் கை தூக்கனது ஒரு கேள்வி கேக்க."

"தலைவியாயிட்டீங்களே பூவாயி, இனிமே நீங்க கேள்வி கேக்க வேணாம். கையெழுத்துப் போட்டா போதும்."

கையெழுத்துப் போட வேண்டிய தாள் தயாராகவே இருந்தது. அன்றைய கூட்டத்தில் என்ன பேசினார்கள், எதை ஒருமனதாக முடிவு செய்தார்கள் என்று பன்னிரண்டு தீர்மானங்கள் முந்தின நாளே அச்சாகி, மையத்திலிருந்து வந்துவிட்டன. நாலாவது தீர்மானம்: 'பள்ளியின் அனைத்துக் கட்டடங்களும் உறுதியாக உள்ளன.'

பூவாயி எழுத்துக்கூட்டிப் படிப்பவள்தான், ஆனால் விடாமல் படிப்பவள். நாலாவதில் விரலை வைத்தாள். "இது இன்னா டீச்சர்? நாலாங்கிளாசு கட்டடம் ஆடிகினு கீது. இத்த இடிக்கச் சொல்லி எழுதுங்க."

லோகநாயகியின் முகம் சுருங்கியது. பொல்லாத பெண்மணி அல்ல. நாலாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது கூரையைப் பார்த்துக்கொண்டே நடத்துகிறவர். "நாலாங்கிளாஸ் நடக்குதே, அந்தக் கட்டடம் பதிவேட்டுலயே இல்ல பூவாயி. நம்ம பள்ளிக்கு ரெண்டு கட்டடம்தான். மூணாவது, இருக்கு... ஆனா இல்ல. நான் மூணு தடவை எழுதிப் பாத்துட்டேன். நீங்க தலைவி, நீங்களே மையத்துல போய்ச் சொல்லுங்களேன்."

இந்த மையத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முழுப்பெயர், 'வட்டாரப் பள்ளி வரலாறு மற்றும் ஆளுகை மையம்'. சுற்றுவட்டாரத்தின் அறுபத்து மூன்று பள்ளிகளையும் ஆள்வது இதுதான். டவுனில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. உள்ளே நுழைந்ததும் பெரிய எழுத்தில் 'பதிவே பாதுகாப்பு' என்று எழுதியிருக்கும். அங்கே வேலை பார்க்கிற பதினேழு பேரில் பதினாறு பேரின் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். பதினேழாவது ஆளுக்குக் கல்யாணமாகவில்லை.

ஆளுகை அலுவலர் நரசிம்மன் பூவாயியை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். மனிதர் கோபமே படமாட்டார். கோபப்பட்டிருந்தாலாவது அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டு வந்திருக்கலாம்.

பூவாயி காரைக்கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். நரசிம்மன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதோட கட்டட எண் என்னம்மா?"

"எண்ணு இல்ல சார். எம்பொண்ணு நோட்டுமேல வுந்துச்சு."

"எண் இல்லாத கட்டடத்துலேருந்து எப்படிம்மா விழும்? ஜெபகுமார், மேட்டுக்கழனி கோப்பை எடுப்பா."

கணினிப் பிரிவில் இருந்த இளைஞன் ஜெபகுமார் கோப்பைக் கொண்டுவந்தான். விஷயம் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தையது. அப்போதிருந்த தலைமையாசிரியர் புதுக் கட்டடம் கேட்டு எழுதினார். பழையதை இடித்ததற்குப் புகைப்படம் அனுப்பினால்தான் புதியது கிடைக்கும் என்று பதில் வந்தது. இடித்துவிட்டால் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? மனிதர் யோசித்தார். அந்த மாசம் பிள்ளைகளைச் சதுரங்கப்பட்டினத்துக்குச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போயிருந்தார். டச்சுக்காரன் கோட்டையின் இடிந்த சுவருக்கு முன்னால் நாலு பிள்ளைகளை நிறுத்திப் படமெடுத்து, 'பழைய கட்டடம் இடிக்கப்பட்டது' என்று அடியில் எழுதி அனுப்பிவிட்டார். புதுக் கட்டடம் வந்தது. ஒரு வகுப்புக்கு மட்டும் இடம் போதாமல் போக, நாலாம் வகுப்பு பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

பூவாயி படத்தைப் பார்த்தாள். "ஐயே சார், இது சதுரங்கப்பட்டினம் கோட்ட சார்! நானும் எங்க வூட்டுக்காரரும் போயிருக்கோம். தோ பாருங்க, ஓரமா பீரங்கி கீது."

"ஆமா, பீரங்கி" என்றார் நரசிம்மன் மலர்ச்சியாக. "நம்ம மையம் போட்ட பள்ளி வரலாற்று நூல்ல பதினோராம் பக்கம். 'பீரங்கி பாதுகாத்த பள்ளி'ன்னு தனித் தலைப்பே கொடுத்திருக்கோம். வேற எந்தப் பள்ளிக்கும்மா இந்தப் பெருமை இருக்கு?"

"சார், பெருமை கெடக்கட்டும். இத்த இடிச்சுடுங்க சார். புள்ளைங்க தலமேல வுந்துடும் போல கீது."

நரசிம்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பேச ஆரம்பிக்கப் போகிறார் என்பதற்கு அது அடையாளம். ஜெபகுமார் நழுவிவிட்டான்.

"நீங்க சொல்றது எனக்கு நல்லாப் புரியுது. நானும் ரெண்டு பிள்ளை பெத்தவன். ஆனா இடிச்ச கட்டடத்தை மறுபடி இடிச்சா, முதல்ல இடிச்சது பொய்னு ஆகும். அதை நம்பிப் புதுசு கொடுத்தது தப்புன்னு ஆகும். கொடுத்தவங்க எல்லாம் மேல போய் உக்காந்திருக்காங்க. உங்க பிள்ளை ஒருத்திக்காக அத்தனை பேரை இடிக்க முடியுமா, சொல்லுங்க."

பூவாயி மேசைமேல் இருந்த கட்டியை எடுத்துக்கொண்டு மாடியிறங்கினாள். பேருந்து நிலையத்தில் கட்டியைத் தூக்கி எறிய நினைத்தாள். மனசு வரவில்லை, திரும்பவும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்த இரண்டு நாள் அனுவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் கணவன் மோகன், கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுகிறான். விடியற்காலையில் இரண்டு பேருமே கிளம்பிவிடுவார்கள். ஒன்பது வயசுப் பிள்ளை பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருந்து அழுதாள். மூன்றாம் நாள் பூவாயியின் செல்போனுக்கு மையத்திலிருந்து குறிப்பு வந்தது. 'தலைவியின் பிள்ளையே பள்ளிக்கு வராதது மற்ற பெற்றோருக்குத் தவறான முன்னுதாரணம்.' லோகநாயகி நாலாம் வகுப்பை வேப்பமரத்தடியில் நடத்திப் பார்த்தார். அதற்கும் குறிப்பு வந்தது. மரத்தடியில் வகுப்பு நடப்பதால் பள்ளிக்கு அறைகள் அவசியமில்லை எனத் தெரிகிறது, எனவே ஓர் ஆசிரியர் பணியிடமும் அவசியமில்லை என்று. பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள்.

"அம்மா, நான் சன்னலாண்டதான் குந்தியிருக்கேன்" என்றாள் அனு. "அங்கருந்து பாத்தா வேடந்தாங்கலுக்குப் போற நாரை எல்லாம் தெரியும். நேத்து நாப்பத்தியொண்ணு போச்சு."

"கூரயப் பாத்துகினே இருடி. காரை உதுந்துச்சுன்னா ஓடியாந்துடு, இன்னா?"

"கூரயப் பாத்தா டீச்சர் போர்டப் பாருன்றாங்க. போர்டப் பாத்தா நீ கூரயப் பாருன்ற."

பூவாயி சும்மா விடுகிறவள் இல்லை. ஒவ்வொரு விடுப்பு நாளும் அந்த இரண்டாவது மாடியில் ஏறினாள். ஐந்தாவது தடவை நரசிம்மனே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வழி கிடைத்த சந்தோஷத்தில் அவளுக்கு டீ வரவழைத்தார்.

"ஒரு கட்டடத்தை இடிக்கணும்னா முதல்ல அது பதிவேட்டுல இருக்கணும். பழைய கட்டடமாப் பதிய முடியாது, பழசை இடிச்சாச்சு. அதனால புதுக் கட்டடமாப் பதிஞ்சுடலாம். புதுசாப் பதியணும்னா திறப்பு விழா நடந்திருக்கணும். விழா முடிஞ்சதும் எண் வந்துடும். எண் வந்ததும் நீங்க இடிக்கச் சொல்லி மனு கொடுங்க. எவ்வளவு சுலபம் பாருங்க!"

பூவாயிக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் இடிப்பதற்கு இதுதான் வழியென்றால் அப்படியே ஆகட்டும் என்று பதின்மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தை நினைத்துப் பின்னால் அவள் மார்பில் அடித்துக்கொண்டது எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் விழா. அதற்கு முந்தின வாரம் வண்ணம் அடிக்க ஆள் வந்தது. சுவருக்கு நீலம் அடித்து, மேலே பறவைகள் வரைந்தார்கள். வாசல் நிலையிலிருந்து சன்னல்வரை கை நுழைகிற அகலத்தில் ஒரு விரிசல் ஓடியது. அதை மரக்கிளையாக்கி, இரண்டு பக்கமும் பச்சை இலைகளைப் போட்டுவிட்டார்கள்.

"விரிசலுக்கு இலை மொளைச்சிருக்கும்மா" என்று அனு சிரித்தாள். முன்பல் விழுந்த இடத்தில் புதுப்பல் பாதி வந்திருந்தது.

உறுதிச் சான்று கொடுக்க வந்த பொறியாளர் கட்டடத்தை மூன்று தடவை சுற்றி வந்தார். பேனாவால் சுவரைத் தட்டிப் பார்த்தார். "உள்ள வந்து கூரயப் பாருங்க சார்" என்று பூவாயி கூப்பிட்டாள்.

"உள்ள போகணும்னா ஹெல்மெட் போடணும்மா. பாதுகாப்பு விதி. ஹெல்மெட் இன்னும் வரல" என்றார் அவர். உள்ளே பதின்மூன்று பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியில் நின்றபடியே 'அறுபது ஆண்டுக்கு உறுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

விழாவில் நரசிம்மன் ரிப்பனை வெட்டினார். பந்தல் கட்டடத்திலிருந்து நாற்பதடி தள்ளிப் போடப்பட்டிருந்தது. அவரே அளந்து போடச் சொல்லியிருந்தார். ஒலிபெருக்கியில் அவர் பேசியது ஊர் முழுக்கக் கேட்டது.

"பெரியோர்களே, பெற்றோர்களே! ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் கட்ட வேண்டுமென்றால் செங்கல் வேண்டும், மணல் வேண்டும், கொத்தனார் வேண்டும். அதெல்லாம் பழைய ஆளுகை. இன்று ஒரு செங்கல்கூட வைக்காமல் ஒரு புதிய கட்டடத்தை உங்களுக்குத் தந்திருக்கிறோம்! இதை இடிக்க வேண்டும் என்றார்கள். இடிப்பது எளிது. ஆனால் இருப்பதையே புதிதாக்குவதற்கு நிர்வாகத் திறமை வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஆபத்தான கட்டடம் ஒன்றுகூட இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஏனென்றால் அப்படி ஒன்று பதிவானால் அன்றைக்கே நான் விளக்கம் கேட்பேன். விளக்கம் கேட்பேன் என்று தெரிந்ததால் யாரும் பதிவதில்லை. இதுதான் நல்லாட்சி!"

எல்லாரும் கைதட்டினார்கள். பூவாயியும் தட்டினாள். எண் வரப் போகிறதே!

எண் வந்தது. நாலாவது நாளே இடிக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டு மாடியேறினாள். நரசிம்மன் படித்துவிட்டு உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"என்னம்மா இது? போன வாரம் திறந்த கட்டடம். வண்ணம்கூடக் காயல. இதைப் போய் இடிக்கச் சொல்ல எப்படி மனசு வருது?"

"நீங்கதான சார் எண்ணு வந்ததும் மனு குடுன்னு சொன்னீங்க?"

"மனு கொடுக்கலாம்னு சொன்னேன். ஏத்துக்குவோம்னு சொல்லலயே. சான்றுல அறுபது வருஷம்னு இருக்கு. அறுபது முடியட்டும்."

"அதுக்குள்ள எம்பொண்ணு கெழவியாயிடுவா சார்."

"நல்லதாப் போச்சு. அவங்க பேரப் பிள்ளைங்க வந்து மனு கொடுக்கட்டும்" என்று சொல்லி நரசிம்மன் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. நீண்ட ஆயுசு சொன்னதாகத்தான் அவர் நினைப்பு.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, பதினொன்றே கால் மணிக்கு பூவாயி ஐந்தாவது மாடியில் ஒரு கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மோகனிடமிருந்து போன் வந்தது. "பூவு... நம்ம அனு... நீ கீழ எறங்கி வா, நான் வண்டியாண்டதான் கீறேன்" என்று மட்டும் சொன்னான்.

கூரை சன்னல் பக்கமாக இறங்கியிருந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் சிராய்ப்போடு வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் மூன்று பேரை லோகநாயகியே இழுத்துப் போட்டார், அதில் அவர் கை முறிந்தது. அனு ஆம்புலன்ஸில் போகும் வழியிலேயே போய்விட்டாள். கையில் பென்சில் இருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்றைக்குப் பார்த்த நாரைகளுக்குக் கோடு போட்டு வைத்திருந்தாள், பதினாறு கோடு.

ஏரிக்கரையில் புதைத்தார்கள். பூவாயி அழவில்லை என்று ஊர் பேசியது. அழுதாள், துடைக்கிற வேலைக்குத் திரும்பப் போனபின் ஐந்தாவது மாடிக் கழிப்பறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு, தினமும் அழுதாள்.

மையம் விசாரணை நடத்தியது. சும்மா சொல்லக்கூடாது, பதினோரு நாளில் அறிக்கை வந்துவிட்டது. பழைய கட்டடம் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே இடிக்கப்பட்டுவிட்டதால் அது இப்போது விழுந்திருக்க வாய்ப்பில்லை. புதிய கட்டடம் ஆறு வாரங்களுக்கு முன்தான் உறுதிச் சான்று பெற்றதால் அதுவும் விழுந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே பள்ளி வளாகத்தில் எதுவும் விழவில்லை. இடிபாடுகளை மட்டும் இரண்டே நாளில் அகற்றிவிட்டார்கள். பத்தொன்பது வருஷமாக முடியாத வேலை!

எதுவும் விழவில்லை என்றால் யாரும் சாகவில்லை. இதன் பலன் பள்ளி வருகைப் பதிவில் தெரிந்தது. கட்டுப்போட்ட கையோடு லோகநாயகி அனுவின் பெயரை நீக்கப் பார்த்தார். கணினி காரணம் கேட்டது. மரணம் என்று பதிந்தால், எங்கே, எப்படி என்று கேட்டது. உள்ளதை எழுதினால், விசாரணை அறிக்கைக்கு முரண் என்று திருப்பி அனுப்பியது. "தினமும் காலையில அவ பேருக்கு நேரே 'வரவில்லை'ன்னு போடறேன் பூவாயி. போடும்போதெல்லாம் செத்துப் பொழைக்கிறேன்" என்று லோகநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார்.

முப்பது நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயர் தானாகவே வேறு பட்டியலுக்குப் போகும். 'பள்ளி செல்லாக் குழந்தைகள்.' அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு மேலாண்மைக் குழுத் தலைவி அலுவலரோடு நேரில் போய், பெற்றோருக்கு அறிவுரை சொல்லி, மாலை போட்டு, மேளம் கொட்டிப் பள்ளிக்கு அழைத்து வர வேண்டும் என்பது மையத்தின் விதி. மேட்டுக்கழனிக்கு அந்த மாசம் ஒரே பெயர்தான் வந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நரசிம்மனின் ஜீப் பூவாயி வீட்டு வாசலில் நின்றது. கையில் சாமந்தி மாலையோடு அவர் இறங்கினார். பின்னால் புதுப் புத்தகப்பையும் சீருடையும் எடுத்துக்கொண்டு ஜெபகுமார். மேளக்காரர் உள்ளூர் ஆள். எந்த வீட்டு வாசல் என்று பார்த்ததுமே மேளத்தைக் கழுத்திலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டார்.

மோகன் பாய்ந்து வந்தான். "இன்னாய்யா, வூடேறி வந்து பேஜாரு பண்றியா? எம்பொண்ணு எங்க கீதுன்னு ஒனக்குத் தெரியாது?"

"தெரியும்ப்பா, தெரியும்" என்றார் நரசிம்மன் தணிந்த குரலில். "தனிப்பட்ட முறையில எனக்கும் துக்கம்தான். நான் சாப்பிடவே இல்ல அன்னிக்கு. ஆனா பதவி முறையில பொண்ணு இருக்காங்க. இருக்கறவரைக்கும் நான் வந்துதான் ஆகணும்."

ஜெபகுமார் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். அறிவுரை சொல்கிற தலைவியும் கேட்கிற தாயும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒருத்தியாக இருந்தால் எப்படி எடுப்பது என்று விதியில் இல்லை.

பூவாயி உள்ளேயிருந்து வந்தாள். கணவனின் தோளைப் பிடித்து விலக்கினாள். "இன்னா சார் ஆர்டர்? புள்ளயக் கூட்டினு வரணும், அவ்ளோதான? நான்தான தலைவி, வாங்க, கூட்டினு வரலாம்" என்று சொல்லி முன்னால் நடந்தாள்.

வேறு வழியில்லாமல் எல்லாரும் பின்னால் போனார்கள். ஏரிக்கரையில், வேலிக்காத்தான் வெட்டித் துப்புரவாக்கிய இடத்தில், மண்மேடு மழையில் கொஞ்சம் அமிழ்ந்திருந்தது. தலைமாட்டில் அந்தக் காரைக்கட்டியை நட்டு வைத்திருந்தாள் பூவாயி.

"தோ, இங்கதான் கீறா. கூப்பிடுங்க சார். நான் கூப்ட்டா வரல. நீங்க ஆபீசரு, நீங்க கூப்ட்டா வருவாளோ இன்னாமோ."

நரசிம்மன் மாலையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். அவர் கையிலிருந்த படிவத்தை அவளே வாங்கிக்கொண்டாள். 'குழந்தை பள்ளிக்கு வராத காரணம்' என்று போட்டு, கீழே ஆறு காரணங்கள் அச்சாகியிருந்தன. இடம்பெயர்வு, குடும்ப வேலை, ஆர்வமின்மை என்று வரிசையாக. ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள், ஆறையும் அடித்தாள். அடியில் தன் கையால் எழுதினாள்: 'இடிக்கச் சொன்னேன். இடிக்கல.' தலைவி என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, தாய் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து.

நரசிம்மன் வாங்கிப் படித்தார். பழக்கம் விடுமா? "இந்தக் காரணம் பட்டியல்ல இல்லையேம்மா" என்றார்.

"எங்க அனுவே இல்ல சார்" என்றாள் பூவாயி. "பட்டியல்ல மட்டும் எப்பிடி சார் கீறா?"

ஏரிமேல் நாரைகள் போய்க்கொண்டிருந்தன. நரசிம்மன் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாலை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.